வீட்டிற் கோக்கும் மணிமாலை

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, அக்கராயன் குளத்தை அண்டியிருக்கும் வயற்கிராமங்களுள் ஒன்று ஸ்கந்தபுரம். மாசி, பங்குனி மாதங்களிற் காலபோக நெல் வீடு வந்து சேர்ந்ததும் அங்குள்ள பெண்களின் கைகளுக்குச் சில வாரங்கள் ஓய்வு கிடைக்கும். குளத்து நீர் சிறுபோகத்துக்குப் போதாத ஆண்டுகளில் அவ்வோய்வு மாதக்கணக்காக நீளும். அப்போது அதனை வேலையின்மை என்றே சொல்ல வேண்டும். அக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே, பெருமுதல் வேண்டாது, கண்ணையும் விரலையும் நம்பிச் செய்யத்தக்க கைத்தொழில்களுள் ஒன்று மணி கோத்தல்.

மணியென்றால் நம்மவரிற் பலருக்குச் சற்று இளக்காரம் உண்டு. பொன் வாங்க வகையில்லாதோர் அணிவது பாசிமணி என்பது அவர்கள் எண்ணம். தமிழ்க் குடும்பத்திற் பொன் அணியாக இருப்பதோடு ஆபத்துக்கு உதவும் வைப்பாகவும் இருந்து வந்தது என்பது உண்மையே. 1995 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்தும், 1996 இற் கிளிநொச்சி நகரிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் பலர் ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் வந்து தங்கினர். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் அனைவருமே வீடு வாசலை விட்டுக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். ஒவ்வொரு பெயர்விலும் கழுத்திற் கிடந்த பொன் அரிசியாகவும் மருந்தாகவும் மாறிற்று. மீண்டு வந்தபின் எஞ்சியதும் அடகுக்கடைக்குச் சென்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் பவுண் ஒன்றின் விலை ஒன்றரை இலட்சம் ரூபாவைத் தாண்டிய பின்னர், இழந்ததை மீட்பது எளிய குடும்பங்களுக்குக் கனவாயிற்று. பொன்னின் இடத்தை மணி நிரப்பும் என்று எவரும் சொல்லார். அடகு பிடிப்பவர் மணிமாலையை வாங்கமாட்டார். ஆயினும் அணி என்ற அளவில் மணி பொன்னுக்கு இளையதன்று, பன்மடங்கு மூத்தது.

களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன் குகையின் மிகப் பழைய மண்படைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அக்குகையிலே வாழ்ந்தோர் கடல்நத்தை ஓட்டின் நுனிகளையும் செம்மண், மஞ்சள்மண் கட்டிகளையும் துளையிட்டு அணிந்தனர் என்பதை 2020 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கடற்கரையிலிருந்து ஓடுகளை மழைக்காட்டுக்குள்ளே கொண்டுசென்றிருக்கிறார்கள். நெல் விதைக்கவும் பானை வனையவும் அறியாத மனிதன் மணி கோக்க அறிந்திருந்தான்.

ஸ்கந்தபுரத்துக்கு இன்னும் அணித்தான சான்று மன்னார்க் கரையில் இருக்கிறது. திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த மாதோட்டம், அதாவது மாந்தை, பல நூற்றாண்டுகள் பெருந்துறைமுகமாக விளங்கியது. அங்கே 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்பவரின் தலைமையில் அகழ்வு நடந்தது. போர்ச்சூழலால் அது இடைநின்றது. முழு அறிக்கை 2013 இலேயே நூலாக வெளிவந்தது. அகழ்விற் கிடைத்தவற்றுள் சிறு கண்ணாடி மணிகளும் அடங்கும். மணிகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பீற்றர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்கர், மாந்தையிலேயே அவை செய்யப்பட்டன என்று கருதினார். புதுச்சேரிக்கு அருகே, 1945 இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடும் அவ்வகை மணி செய்த இடமே. இந்தியப் பெருங்கடலின் இருபுறத்தும், கிழக்கே பசுபிக் கரை வரையிலும் இம்மணிகள் பரவிக் கிடப்பதால் அவற்றுக்கு இந்தோ-பசுபிக் மணி என்று அவர் பெயரிட்டார்.

அம்மணியின் துளை உண்டாகும் விதம் நயமானது. ஒவ்வொரு மணியையும் தனித்தனியே துளைப்பதில்லை. உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற ஒரு கூம்பாக இரும்புக் குழாயின் நுனியிலே திரட்டி, அதன் முனையைக் கொளுவி நீளமாக இழுப்பார்கள். கூம்பினுள் இருந்த வெற்றிடமும் கூடவே நீள்வதால், நூல்போன்ற மெல்லிய குழல் உருவாகும். குழலைச் சிறு துண்டுகளாகத் தறித்துச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கினாற் கூரிய விளிம்புகள் மழுங்கி உருண்டையாகும். சாம்பல் துளை அடைபடாமற் காக்கும். ஆந்திர நாட்டிலே காளத்திக்கு அண்மையிலுள்ள பாப்பாநாயுடுபேட்டை என்னும் ஊரில் இம்முறை இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்ததைக் கண்டே பிரான்சிஸ் பழைய மணிகளின் மறைபொருளை விளங்கிக் கொண்டார். விளிம்பை மழுக்குதல் அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. அதன் காரணத்தை நூலைப்பற்றிச் சொல்லுமிடத்துக் காண்போம்.

கண்ணாடி மணிகளை இன்று யப்பானும் செக் நாடும் இந்தியாவும் சீனாவும் இயந்திரத்திற் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. அவற்றுக்கு இலக்கமிட்டு விற்பது வழக்கம். இலக்கம் கூடக்கூட மணி சிறுக்கும்: 6 ஆம் இலக்கம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர், 8 ஆம் இலக்கம் 3 மில்லிமீற்றர், 11 ஆம் இலக்கம் 2 மில்லிமீற்றர். புதிதாகத் தொடங்குவோர் 6 ஆம் இலக்கத்தையோ அதனிலும் பெரியதையோ கொள்வது கண்ணுக்கு நலம். ஆனால் முதன்முதலிற் கடைக்குப் போகவேண்டும் என்பதே இல்லை. வளவிலும் வேலியிலும் மணி இருக்கிறது.

வேலியிற் கிடைப்பவற்றுள் எல்லோர் கண்ணிலும் முதலிற் படுவது குன்றிமணி. அதனைப் பற்றியே முதலிற் சொல்லிவிட வேண்டும். செந்நிறமும் கருமூக்கும் கொண்டு, ஒன்றுபோல் ஒன்றிருக்கும் அவ்வித்தைத் தட்டார் நிறைகல்லாகக் கொண்டனர். புறத்தே செம்மையும் மூக்கிலே கருமையும் உடைய அதனை வள்ளுவர் பொய்த்துறவிகளுக்கு உவமையாக்கினார். அதன் அகத்தே இருப்பது வெறும் கருமையினும் கொடியது. அபிரின் எனப்படும் கடுநஞ்சு அப்பருப்பில் உண்டு. முழு வித்தைத் தவறி விழுங்கினால் அதன் வன்றோல் நஞ்சை உள்ளேயே அடக்கிக்கொண்டு பெரும்பாலும் வெளியே போய்விடும். மணியாக்கும் பொருட்டுத் துளையிட்டவுடனே அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. துளைக்கும்போது பறக்கும் தூளும், ஊசி தவறி விரலில் ஏறுவதும் துளைப்பவருக்குத் தீங்கு செய்யும்; மாலையை வாயில் வைத்துக் கடிக்கும் குழந்தைக்கு அது உயிராபத்து. 2011 ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்திலே கோர்ன்வால் பகுதியிலுள்ள ஈடன் திட்டம் என்னும் தாவரப் பூங்கா, தான் விற்ற குன்றிமணிக் கைவளையங்களை வாங்கியோரிடமிருந்து மீளக் கேட்டது இக்காரணத்தாலேயே. குன்றிமணியைப் பார்த்து மகிழலாம், துளைத்தல் வேண்டாம்.

அதற்கு ஈடாக மஞ்சாடி இருக்கிறது. குன்றிமணியினும் பெரியது, முழுதும் சிவப்பு, கருமூக்கு இல்லை. இரண்டையும் பிரித்தறிய இவ்வடையாளமே போதும். மஞ்சாடி பச்சையாகத் தின்னத்தக்கதன்று எனினும் குன்றியின் நஞ்சு அதில் இல்லை. காய்ந்த மஞ்சாடி கல்போன்றது. நீரில் நெடுநேரம் அவித்தாற் சற்று இளகும். வெளியே எடுத்ததும், ஈரம் உலருமுன்னர் மெல்லிய அலகுடைய துறப்பணத்தாற் துளைக்க வேண்டும். வித்தைக் கையாற் பிடித்துக்கொண்டு துளைப்பது விரலுக்குக் கேடு. பலகையொன்றில் வித்தின் பாதி அமிழுமளவு குழி தோண்டி அதிலே பதித்துத் துளைக்கலாம்.

துறப்பணமும் இல்லாத வீட்டுக்கு இப்பிலிப்பில் வித்து ஏற்றது. மாட்டுக்குக் குழை வெட்டும் அம்மரத்தின் காய்கள் பழுப்பாகி வெடிக்குமுன் பறித்தால், தட்டையான, பளபளக்கும் கபிலநிற வித்துக்கள் கைநிறையக் கிடைக்கும். ஒரு மணிநேரமளவில் அவித்து, மென்மையானபின் சாதாரணத் தையலூசியாலேயே ஊடுருவலாம். ஊடுருவியவற்றை நூலிற் கோத்தே நிழலில் உலர்த்த வேண்டும். விடுதலையாக உலர்த்தினாற் துளை சுருங்கி மூடிவிடும். அவித்தலால் இன்னொரு பயனும் உண்டு. வித்தினுள் இருக்கும் வண்டுமுட்டை அழியும். அவிக்காத வித்தாற் செய்த மாலை, பெட்டியில் வைத்த சில மாதங்களில் மாவாக உதிர்ந்துபோதல் கூடும்.

சிரட்டையிலும் மணி செய்யலாம். சிரட்டையைச் சிறு சதுரங்களாக அரிந்து, முதலில் நடுவே துளையிட்டு, அவற்றையெல்லாம் ஒரு கம்பியில் இறுகக் கோத்து, கோத்தபடியே சொரசொரப்பான கல்லில் உருட்டி உரைஞ்சினால் அனைத்தும் ஒரே அளவான வட்டங்களாகிவிடும். ஒவ்வொன்றாக அரத்தால் ராவிக்கொண்டிருப்போர் பத்து மணிக்குள் சலித்துப்போவர். பிறகு ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசித் துணியால் துடைத்தாற் சிரட்டையின் கருமை மினுங்கும்.

காகித மணியோ பள்ளிப்பிள்ளையும் செய்யத்தக்கது. பழைய நாட்காட்டியின் வழுவழுப்பான வண்ணத்தாள் இதற்கு நல்லது. புதினத்தாள் மெலிது, மை கையில் ஒட்டும். தாளை நீளப் பக்கமாக, அடி 2 சென்ரிமீற்றரும் மறுமுனை கூரும் ஆன முக்கோணங்களாக வெட்ட வேண்டும். ஒன்றின் அடிக்கு அருகே அடுத்ததன் நுனி வருமாறு மாற்றி மாற்றிக் கோடிட்டால், 21 சென்ரிமீற்றர் அகலமான தாளில் இருபது முக்கோணங்கள் வீணின்றிக் கிடைக்கும். அகன்ற அடியை ஒரு தென்னை ஈர்க்கில் வைத்து இறுகச் சுருட்டிக்கொண்டு போய், கடைசி ஐந்து சென்ரிமீற்றருக்கு மட்டும் கோதுமை மாப் பசை தடவி ஒட்ட வேண்டும். நடுவே புடைத்து இரு முனையும் ஒடுங்கிய அழகிய மணி பிறக்கும். தொடக்கத்திலேயே பசை தடவினால் மணி ஈர்க்கோடு ஒட்டிக்கொள்ளும். ஈர்க்கை உருவ முயல்கையில் நடு உருவி வந்துவிடும். ஒருநாள் உலரவிட்டு, மறுநாள் இருமுறை வார்னிஷ் பூச வேண்டும். முதற் பூச்சு முற்றக் காயுமுன் இரண்டாவது பூசுவோரின் மணி என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

இனி நூல். வாங்குவோர் மணியைப் பார்ப்பர்; மாலையின் ஆயுள் நூலைப் பொறுத்தது. அறுந்த மாலைகளை எடுத்துப் பார்த்தால், இழுபட்டு அறுந்தவை சில; மணியின் துளைவிளிம்பு வாள்போல நாளும் அராவி அறுத்தவை பல. மாந்தையிலும் அரிக்கமேட்டிலும் மணியைச் சாம்பலிட்டு மீளச் சூடாக்கி விளிம்பு மழுக்கியவர்கள் இதனை அறிந்தே செய்தனர். ஆகவே கோக்குமுன் மணிகளைச் சுளகிலே ஒரு பருத்தித் துணியை விரித்துப் பரப்பி, ஒவ்வொன்றின் துளையிலும் ஊசிநுனியை விட்டுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஊசி தடக்கினால் அம்மணியை ஒதுக்குக. நீண்ட குழல்மணிகளின் முனை எப்போதும் கூர்மையானது. அவற்றின் இருபுறத்தும் ஒவ்வொரு சிறிய உருண்டை மணியை வைத்துக் கோத்தால் நூல் திரும்புமிடத்தில் உருண்டை மணி தாங்கிக்கொள்ளும். சுளகில் துணி விரிப்பது மணி உருண்டோடாமல் இருக்கவும் உதவும். இவ்வேலையைப் பகல் வெளிச்சத்திற் செய்வதே தகும். விளக்கு வெளிச்சத்திற் கருமையும் கருநீலமும் ஒன்றாகவே தோன்றும்.

பருத்திநூல் வியர்வையில் இற்றுப்போகும். பட்டுநூல் அழகாக வளையும், நாளடைவில் நீளும். தூண்டிற் தங்கூசி வலியது, நீரில் இறாது. ஆயினும் விறைப்பாக இருப்பதால் முடிச்சு நில்லாது தானாக அவிழ்ந்துவிடும். தையற்கடைகளில் விற்கும் பொலியெஸ்ரர் நூலை இரட்டித்துக் கொள்வது தொடங்குவோர்க்குப் போதுமானது. எந்த நூலாயினும் மெழுகூட்டல் வேண்டும். வன்னிக் காட்டிலே தேன் எடுப்போர் பிழிந்துவிட்டு எறியும் தேனடையை வெந்நீரிற் கொதிக்க வைத்து, துணியால் வடித்து ஆறவிட்டால், மெழுகு மேலே மிதந்து கட்டியாகும். அக்கட்டியின்மேல் நூலை இருமுறை இழுத்து, பின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வேகமாக உருவினால், விரற்சூட்டிலே மெழுகு இழைகளுக்குள் ஏறும். மெழுகேறிய நூல் முறுகாது, ஈரம் குடியாது, முடிச்சையும் இறுகப் பிடிக்கும். கடையில் இதற்கென விற்கும் மெழுகினும் காட்டு மெழுகு எவ்வகையிலும் குறைந்ததன்று.

மணித்துளைக்குள் நுழையாத ஊசியோடு போராடுவது வீண்வேலை. பழைய மின்வடத்தைக் கீறினால் உள்ளே மயிர்போன்ற செப்பிழைகள் இருக்கும். ஓர் இழையை இரண்டாக மடித்து முறுக்கினால், மடிப்பு ஊசிக்காதாகிவிடும். நூலை அதில் மாட்டிக் கோக்கலாம்.

மாலையின் நீளத்தை முதலிலே தீர்மானிக்க வேண்டும். கழுத்தோடு ஒட்டிய அட்டியல் போன்றதற்கு 35 முதல் 40 சென்ரிமீற்றர். கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே விழுவதற்கு 45. மார்பளவு தொங்குவதற்கு 60. கைக்குக் கட்டுவதாயின் மணிக்கட்டின் சுற்றளவோடு இரண்டு சென்ரிமீற்றர் கூட்டிக் கொள்ளலாம். 45 சென்ரிமீற்றர் என்பது 450 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் மணியாயின் எழுபத்தைந்து வேண்டும். ஐந்து மணிக்கொரு முறை கோலம் திரும்புமாயின் பதினைந்து முறை சரியாக வரும். எட்டு மணிக்கொரு முறை திரும்புமாயின் இறுதியில் மூன்று மணி மிஞ்சி, கொளுக்கியருகே கோலம் சிதையும். இந்தச் சிறு வகுத்தலைத் தாளிற் செய்யாமற் கோக்கத் தொடங்குவோர் முக்கால்வாசி கோத்தபின் அவிழ்ப்பர். நடுவே ஒரு பெருமணி தொங்க வேண்டுமாயின் நூலின் நடுவிலிருந்து தொடங்கி, இருபுறமும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவதே நேர்வழி. நிறத்தைப் பற்றி விதி வகுப்பார் பலர் உளர். மூன்று நிறத்துக்கு மேற் போகாதிருந்தால் தொடக்கக்காரர் தப்பித்துக்கொள்வர் என்பதைத் தவிர இங்கே சொல்ல எதுவுமில்லை.

மாலையின் நீளத்துக்கு மேலே முப்பது சென்ரிமீற்றர் நூல் கூடுதலாக விட வேண்டும். நூலிற் சிக்கனம் பார்த்தால் முடிச்சுப் போட இடமிராது. முடிச்சிடுகையில் முதலில் வலப்புற நூலை இடப்புற நூலின்மேற் கொண்டு கட்டுக. இரண்டாம் முறை இடப்புறத்தை வலப்புறத்தின்மேற் கொள்க. இருமுறையும் வலத்தையே மேலே கொண்டால் முடிச்சு வழுக்கும். பள்ளிக்கூடத்திற் சாரணர் படிக்கும் இப்பாடம் மணிக்கும் பொருந்தும். முடிச்சின்மீது ஒரு துளி நகச்சாயம் இட்டு உலர்ந்தபின், எஞ்சிய நூலை உடனே வெட்டாமல், ஊசியால் மூன்று நான்கு மணிகளுக்குள்ளே திருப்பிச் செலுத்தி, அதன்பின் வெட்ட வேண்டும். முடிச்சுக்கு அருகே வெட்டிய நூல் தன்னை அவிழ்த்துக்கொள்ளக் காத்திருக்கும்.

விலையுயர்ந்த மணியாயின் ஒவ்வொரு மணிக்கும் இடையே ஒரு முடிச்சிடுவதும் உண்டு. முத்துக் கோப்போர் இவ்வாறே செய்வர். மணியும் மணியும் உரைஞ்சா. நூல் அறுந்தாலும் ஒரு மணியே விழும். முடிச்சுக்கு ஒரு மில்லிமீற்றர் கணக்கிட்டால், முன்சொன்ன 45 சென்ரிமீற்றர் மாலைக்கு எழுபத்தைந்துக்குப் பதிலாக அறுபத்துநான்கு மணிகளே போதும். நூலோ இரட்டிப்பாகும்; நேரமும் கூடும்.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தன் வீட்டார் அணியக் கோப்பவருக்கு நேரம் கணக்கில்லை. விற்கக் கோப்பவருக்கு அதுவே முதல். கணக்கின் பொருட்டு ஒரு காகிதமணி மாலையைக் கொள்வோம். 60 சென்ரிமீற்றர் மாலைக்கு, இடையிடையே சிறுமணியோடு, இருபத்தாறு காகித மணிகள் வேண்டும். வெட்டிச் சுருட்ட ஒரு மணிநேரம், பூச்சுக்கு அரை மணிநேரம், கோத்து முடிய அரை மணிநேரம் ஆக இரண்டு மணிநேரம். நூல், பசை, வார்னிஷ், சிறுமணி, கொளுக்கி யாவும் எண்பது ரூபா என்று வைப்போம். அயலார் ஒருவர் நூற்றைம்பது ரூபாவுக்குக் கேட்கிறார். எழுபது ரூபா இலாபம் என்று செய்தவர் மகிழ்கிறார். அது இலாபமன்று, இரண்டு மணிநேரக் கூலி. எட்டு மணிநேரத்துக்கு இருநூற்றெண்பது ரூபா. அதே பெண் வயலிற் களை பிடுங்கினாற் பெறும் நாட்கூலியிற் காற்பங்கும் இது ஆகாது. கடைக்காரரிடம் கொடுத்து விற்றால், அவர் பங்கு போக இதுவும் குறையும்.

இக்கணக்கைப் போடாமலே பலர் கடன் பெற்றுக் கைத்தொழிலிற் புகுந்ததால் வந்த துன்பத்தைப் போருக்குப் பிந்திய வன்னி கண்டது. சுயதொழில் என்ற பெயரில் வாராவாரம் அறவிடும் நுண்கடன்களைப் பெற்று, தொழிலின் வருவாய் தவணைக்குப் போதாது, ஒரு கடனை அடைக்க மறுகடன் பெற்ற பெண்கள் பலர். 2018 இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. மணி கோத்தலின் பெருஞ்சிறப்பு, கடனின்றித் தொடங்கலாம் என்பதே. அதனைக் கடனோடு தொடங்குவோர் அச்சிறப்பை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

நல்ல விலைக்கு விற்ற கதையும் இல்லாமலில்லை. ஆபிரிக்காவிலே வட உகண்டாப் போரினால் இடம்பெயர்ந்த அச்சோலிப் பெண்கள், தலைநகர் கம்பாலாவின் ஓரத்துக் குன்றொன்றிற் குடியேறிக் கல்லுடைத்துப் பிழைத்தனர். பழைய தாள்களைச் சுருட்டி மணி செய்யும் வழக்கம் அவர்களிடையே பரவியது. 2004 இல் அமெரிக்கப் பெண்கள் சிலர் அம்மாலைகளைக் கண்டு தம் நாட்டில் விற்க ஒரு நிறுவனமே அமைத்தனர். இங்கு சொன்ன அதே முக்கோணத் தாள், அதே சுருட்டல். வேறுபாடு சந்தையில் மட்டுமே. இடைநின்று விற்பவர் நேர்மையாக இருந்தமையும், பூச்சும் முடிச்சும் ஒரே தரத்தில் இருந்தமையுமே அம்மாலைகளைக் கடல் கடக்கச் செய்தன. ஸ்கந்தபுரத்து உறவினர் இல்லாத நாடு இன்று உலகிற் குறைவு. புலம்பெயர்ந்த உறவினருக்கு அனுப்பும் பொதியில் ஒடியலோடும் புழுக்கொடியலோடும் ஒரு மாலையும் போகலாம். ஒரே அளவான பத்து மாலை செய்ய முடிந்த பின்னரே விற்பனையைப் பற்றி எண்ண வேண்டும். ஒன்று அழகாக அமைவது தற்செயலாகவும் நிகழும்.

விற்பவருக்கு இன்னுமொரு கடமை உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மணிமாலை செய்து கொடுத்தலாகாது. அறுந்த மணி மூக்கிலும் காதிலும் போகும். மூச்சுக்குழலில் அடைபட்டால் உயிருக்கே மோசம். பெயர் தெரியாத மலிவான உலோகப் பதக்கங்களில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், கைவளையமொன்றிற் தொங்கிய ஈயப் பதக்கத்தை விழுங்கி இறந்தான். கொளுக்கிகளிற் கலக்கும் நிக்கலால் சிலருக்குக் கழுத்திலும் காதிலும் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். ஐரோப்பிய நாடுகள் அணிகளிலே நிக்கலுக்கு 1994 இலேயே எல்லை விதித்தன. கொளுக்கியைத் தவிர்க்கவும் வழியுண்டு. மாலையின் ஒரு முனையில் மணியொன்று நுழையுமளவு நூல்வளையமும், மறுமுனையிற் சற்றுப் பெரிய சிரட்டை மணியும் வைத்துப் பொத்தான்போற் பூட்டலாம். செலவுமில்லை, அரிப்புமில்லை.

குளிக்குமுன் மாலையைக் கழற்றி வைக்க வேண்டும். காகித மணிக்கு நீர் பகை, வித்து மணி ஊறினாற் புடைக்கும். ஆணியிற் தொங்கவிடுவதிலும் ஓலைப்பெட்டியிற் சுருட்டி வைப்பது நன்று. தொங்கும் மாலையில் நூல் நீளும். ஆண்டுக்கொருமுறை மாலையை இரு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். மணிகளுக்கிடையே நூல் தெரிந்தாலோ, தெரியும் நூலிற் பிசிர் கண்டாலோ, சுளகின்மேல் வைத்து நாமே அறுத்துவிட்டு, துளைகளை ஊசியாற் துடைத்து, புதுநூலுக்கு மெழுகிட்டு மீண்டும் கோக்க வேண்டும். தெருவில் அறுந்தபின் கோப்பதாயின் முதல்வேலை மணி பொறுக்குவதாகிவிடும்.